நடு முட்டு

சிபாலோம் மலையடிவாரத்தில் கப்பல்காரர் ஒருவர் கட்டிக்கொண்டிருந்த மாடி வீட்டுக்கு அன்செல்மோ வந்து சேர்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். கான்கிரீட் தளம் போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. இருபத்தெட்டு நாளாவது அதைத் தாங்கி முட்டுக்கட்டைகள் நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தளத்துக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவன். ஆனால் அவனிடம் இருப்பதே ஒரு செட் பலகைதான். அதை வைத்து ஊர் ஊராகப் பிழைப்பு ஓடுகிறது. திங்கட்கிழமை அது அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும்.

கூட வந்தவள் மிண்டா, செத்துப்போன தம்பி ரொடேலியோவின் மனைவி. பிரித்த பலகையில் ஆணி பிடுங்கி நிமிர்த்துவது அவள் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு தளம் இறங்கி, ரொடேலியோ அதற்கடியில் போனான். கள்ளைக் குடித்துவிட்டு யாரையும் கேட்காமல் முட்டுக்கட்டையைத் தட்டிவிட்டான் என்று ஊருக்கும் அவளுக்கும் சொன்னவன் அன்செல்மோதான். அவள் நம்பினாள். வயிற்றில் பிள்ளையோடு தன்னை விட்டுப்போன குடிகாரன் என்று மனம் வெறுத்து, கல்லறைத் திருநாளுக்குக்கூடப் புருஷன் குழியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியதில்லை. அண்ணன்காரன் மட்டும் வருஷா வருஷம் தனியாகப் போய் ஏற்றிவிட்டு வருவான். அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் வாய் வராது.

தளத்துக்கு அடியில் பகலிலும் இருட்டாக இருந்தது. வரிசை வரிசையாகத் தென்னங்கட்டை முட்டுகள். ஈர சிமென்ட் வாடை. எங்கோ பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முட்டின் காலடியிலும் ஆப்பு செருகியிருக்கும். முதலில் ஆப்புகளைத் தளர்த்திவிட்டு, அப்புறம் நடுவிலிருந்து முட்டுகளை எடுத்துக்கொண்டே வருவது முறை. வேலையாட்கள் இரண்டு பேர் முதல் வரிசையைத் தளர்த்தி, இரண்டாவதையும் தளர்த்தினார்கள். திரும்பிப் பார்த்தால் முதல் வரிசை ஆப்பெல்லாம் இறுகிக் கிடந்தது.

உன் மாமியார் வந்து அடித்துவிட்டுப் போனாளா என்று ஒருவனை ஒருவன் கேலி பேசிக்கொண்டு மறுபடி தளர்த்தினார்கள். மூன்றாவது தடவை கேலி நின்றது. யாரும் இல்லாத மூலையில் சுத்தியல் சத்தம் கேட்டது.

டொக் டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. போகும்போது தங்கள் பைகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பலகை திங்கட்கிழமை போயாக வேண்டும். அன்செல்மோ சுத்தியலை எடுத்துக்கொண்டு தானே குனிந்து நடுவுக்குப் போனான். மிண்டா விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். நடு முட்டின் ஆப்பை ஓங்கி அடித்தான். ஆப்பு தெறித்து ஓடியது.

முட்டு விழவில்லை.

விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார்கள். கட்டையின் காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. தரையைத் தொடாமலே அது தளத்தைத் தாங்கி நின்றது. மேலே எங்கோ நெறுநெறுவென்று ஒரு சத்தம். தூசி கொட்டியது. கட்டைக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், யாரோ பாரம் சுமக்கிறவன்போல மூச்சு வாங்குவது கேட்டது.

"அண்ணே, தளம் இன்னும் பச்சையா இருக்கு."

அன்செல்மோவின் கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது. அந்த வார்த்தையை இந்த மூன்று வருஷத்தில் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மிண்டா ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "மச்சான், அன்னைக்கும் இதைத்தான் சொன்னாரா?"

"சொன்னான்."

"குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. ஒரு சொட்டுகூட இல்ல. நான்தான் தட்டச் சொன்னேன். பயமா இருந்தா பொண்டாட்டி பாவாடைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கடான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனான்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்திருந்தால் தேவலை. அவள் விளக்கைத் தரையில் வைத்தாள். "எம்பொண்ணுகிட்ட, உங்கப்பன் குடிகாரன்னு சொல்லியில்ல வளர்க்கிறேன்," என்றாள். அப்புறம் தெறித்துப்போன ஆப்பைத் தேடி எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

தளர்த்திய ஆப்பையெல்லாம் அவர்கள் இரண்டு பேருமே திரும்ப அடித்து இறுக்கினார்கள். அன்று சாயங்காலம் மிண்டா மகளைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனாள். மெழுகு உருகித் தீரும்வரை உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டான். பள்ளிக்கூட வேலை கைவிட்டுப் போனது. போகட்டும்.

இருபத்தெட்டாம் நாள் காலையில் அவனும் மிண்டாவும் மறுபடி வந்தார்கள். தளம் நன்றாக இறுகியிருந்தது. முட்டெல்லாம் பேசாமல் கழன்று வந்தது. பலகைகளும் இறங்கின. கடைசியில் வெறும் கூடத்தின் மத்தியில் அந்த நடு முட்டு மட்டும் நின்றது. ஆப்பை எடுத்தார்கள். அதே ஒரு விரல் இடைவெளி. அதே மூச்சு.

மிண்டா கட்டையைத் தொட்டாள். தோள் உயரத்தில் அது வியர்வையில் நனைந்து வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"கெட்டியாயிடுச்சுங்க. போதும், விடுங்க," என்றாள்.

கட்டை அசையவில்லை.

அன்செல்மோ முழங்காலில் உட்கார்ந்து, விடுடா தம்பி, அண்ணன் சொல்கிறேன் என்று கெஞ்சினான். அவன் பேசப் பேச மரம் முனகியது. இன்னும் பலமாக மேலே அழுத்தியது. பழி வாங்கத்தான் நிற்கிறான் என்று அவன் பயந்தான். வாங்கட்டும் என்றும் தோன்றியது.

மிண்டா தளத்தைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"மச்சான், நீங்க வெளிய போங்க."

"எதுக்கு?"

"நீங்க அடியில நிக்கிற வரைக்கும் அவரு விட மாட்டாரு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. எழுந்து, தடுமாறிக்கொண்டே வாசலைத் தாண்டி வெயிலில் போய் நின்றான். உள்ளே நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. நடு முட்டு மெல்லச் சாய்ந்து மிண்டாவின் கைகளில் இறங்கியது. அவள் அதைத் தரையில் கிடத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நனைந்த இடத்தைப் பாவாடை நுனியால் துடைத்தாள்.

அன்செல்மோ வெளியே நின்று பிள்ளைபோல அழுதான். தம்பி தன்னைத் தேடி ஒரு நாள் வருவான் என்று மூன்று வருஷம் பயந்தவன் அவன். தன்னைக் காக்கத்தான் வந்தான் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போகலாம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குள் கால் வைத்தான்.

தரையில் கிடந்த கட்டை எழுந்து, தளத்துக்கு முட்டுக் கொடுத்து நின்றது.