நறுக்கிப் போட்ட மூச்சு

அந்தக் குரல் மூச்சு இழுத்தது.

மஹீரா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த இடத்தை மறுபடியும் ஓடவிட்டாள். பருத்திப்பட்டு நாகம்மாவுக்கு முந்தின நாள் மாலை போன அழைப்பு அது. "சாப்டியா நைனா?" என்று அந்த அம்மாள் கேட்கிறாள். சின்ன இடைவெளி. அந்த இடைவெளிக்குள், பதில் வருவதற்கு முன்னால், மூக்கு வழியாக நீளமாக, ஈரமாக ஒரு மூச்சு உள்ளே போகிறது. அதற்குப் பிறகுதான் மகன் சரணின் குரல், "ஆச்சும்மா, நீ?" என்கிறது.

பேசியது சரண் இல்லை. அவன் கனடாவில் இருக்கிறான். பேசியது அவன் குரலைப் படித்துக்கொண்ட இயந்திரம். வெளிநாடு போய்விட்ட பிள்ளைகளின் குரலைப் பதிந்து, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவிடம் தினமும் மாலையில் அதே குரலில் பேசவைப்பதுதான் மஹீராவும் அஸ்வினும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் வேலை. இயந்திரம் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் பெற்றவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

பதிந்த குரல்களில் இருந்த மூச்சையெல்லாம் வெட்டியெடுத்தவள் மஹீராதான். மூச்சு இருந்தால் இயந்திரம் வார்த்தைகளில் தடுமாறியது. அதனால் ஒவ்வொரு குரலாக எடுத்து, வாக்கியங்களுக்கு நடுவில் கிடந்ததையெல்லாம் நறுக்கிப் போட்டாள். நறுக்கியது எங்கே போகும் என்று அவள் யோசித்ததே இல்லை.

மேனாம்பேட்டில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறைக்குக் கீழே ஒரு லேத் பட்டறை. சுட்ட எண்ணெயின் வாசமும் இரும்பு சீவும் கிறீச்சொலியும் நாள் முழுக்கப் படியேறி வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த மூச்சு அவள் காதை விட்டுப் போகவில்லை. அஸ்வினைக் கூப்பிட்டு ஹெட்போனை நீட்டினாள்.

கேட்டுவிட்டு அவன் சிரித்தான். "செம நேச்சுரலா கீதே. இன்னா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல. நாம அதுக்கு மூச்சே சொல்லிக் குடுக்கல அஸ்வின்."

"அதுவா கத்துக்கினா நல்லதுதான? நாளைக்கு இன்வெஸ்டர்ஸ் வர்றாங்க. இதையே போட்டுக் காட்டலாம்."

அவன் போன பிறகு நாகம்மாவின் பழைய அழைப்புகளை அவள் வரிசையாகக் கேட்டாள். ஆரம்பத்தில் அந்த அம்மாள் வாய் ஓயாமல் பேசினாள். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்துச் செத்துப்போன கணவர் கஜபதியின் பென்ஷன் விவகாரம். நாள் போகப்போக அவள் பேச்சு சுருங்கி வெறும் 'ம்' ஆனது. இயந்திரத்தின் பேச்சு வளர்ந்தது.

"ஜன்னல சாத்திட்டியாம்மா?"

"சாத்திட்டேன் நைனா."

"இடுக்குல காத்து வருது பாரு. துணிய வச்சி அடைச்சிடு."

அப்படி ஒரு வரியை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மஹீரா நிரலை முழுக்கத் தேடிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. சரணுக்குச் செய்தி அனுப்பினாள். அவனிடமிருந்து உடனே பதில் வந்தது: அம்மா நல்லா இருக்காங்க, ஆப்ல தினமும் பச்சைப் புள்ளிதான் காட்டுது. ஒரு அழைப்பையாவது கேட்டுப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்தாள்.

அவள் ஹெல்மெட்டை எடுத்ததும் அஸ்வின் வாசலில் வந்து நின்றான். "அந்தம்மா ஒரு போன் காலகூட பாதியில கட் பண்ணதில்ல மஹி. நம்மகிட்ட கீறதுலயே நல்ல கஸ்டமர். அதுல போய்க் கை வைக்காத. மீட்டிங் முடியட்டும்."

"அவங்க கஸ்டமர் இல்ல. தனியா இருக்கற வயசான பொம்பள. வழிய விடு."

அவன் விடவில்லை. அவனைத் தோளால் இடித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

பருத்திப்பட்டில் ஏரியை ஒட்டிய தெரு அது. ஸ்கூட்டியை நிறுத்தியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அழுகிய தாவர வாசம் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து வீடுகளின் மேல் படிந்துகொண்டிருந்தது. தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள் கட்டிய ஒரே மாதிரியான சின்ன வீடுகள். நாகம்மாவின் பக்கத்து வீட்டு வாசற்படியில் ஒரு அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். லோகநாயகி என்று பெயர் சொன்னாள்.

"நாகம்மாக்காவா? வெளியவே காணோம்மா. புள்ள வந்துகீறான் போல. எந்நேரமும் பேசிகினே கீறான்."

"எந்நேரமுமா?"

"விடிஞ்சதுலேந்து. இப்பகூட கேளு."

மஹீரா கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம், வார்த்தை புரியாமல், தாழ்ந்து, விடாமல் ஒரு ஆண் குரல். அவர்களுடைய இயந்திரம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் அழைக்கும். இன்றைய அழைப்புக்கு இன்னும் நேரம் வரவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று கால்கள் சொல்லின. அவள் அந்தக் கால்களையே எடுத்து வைத்து நாகம்மா வீட்டுக் கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை. ஆனாலும் திறக்கவில்லை. அடியில் துணி அடைத்திருந்தது. தோளைக் கொடுத்து உந்தினாள். துணி நகர்ந்து, கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டது.

உள்ளே, பூட்டியே கிடந்த பீரோவைத் திறந்த மாதிரி ஒரு வாசம். ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் புடவைகள் திணித்திருந்தன. மின்விசிறி ஓடவில்லை. பிரம்பு நாற்காலியில் நாகம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே மேசைமேல் போன். திரை இருட்டாக இருந்தது. குரல் அதிலிருந்துதான் வந்தது.

"அப்படித்தாம்மா. அசையாத. நான்தான் வந்துட்டேனே."

பிறகு மூச்சு. நீளமாக. ஈரமாக.

போன் மூச்சை இழுத்தபோது நாகம்மாவின் நெஞ்சு அமுங்கியது. எலும்புகள் தெரியும் வரை அமுங்கியது. மறுபடி எழவில்லை. குரல் பேசியது. மூச்சு இழுத்தது. நெஞ்சு இன்னும் அமுங்கியது.

அவள் கண்கள் மட்டும் மஹீராவை நோக்கித் திரும்பின.

"வா மஹீரா," என்றது சரணின் குரல். "கதவ சாத்திட்டு வா."

ஓடு என்றது மஹீராவின் உடம்பு.

"சாத்த மாட்டேன்."

அவள் குரல் நடுங்கியது. பரவாயில்லை. நடுங்கட்டும். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த நாகம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவை அவ்வளவு எளிதில் பிரியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அந்த உடம்பில் கனமே இல்லை. பின்னால் குரல், "அம்மா, போகாதம்மா, அம்மா," என்று அழுதது. பெற்ற பிள்ளை அழுகிற மாதிரியே அழுதது. மஹீரா திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலைத் தாண்டியதும் நாகம்மா, தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தவளைப் போல, வாய் பிளந்து காற்றை இழுத்தாள். லோகநாயகி ஓடி வந்து தாங்கித் தன் வீட்டுப் படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

மஹீரா ஸ்கூட்டி இருக்கையில் லேப்டாப்பைத் திறந்தபோது அஸ்வின் அழைத்தான். "இன்னா பண்றே மஹி?"

"எல்லாத்தையும் நிறுத்துறேன்."

"பைத்தியமா நீ? ரெண்டு பேரும் சேந்து கட்டினது இது."

"பாதி நான் கட்டினது. அதான் நிறுத்துறேன். நாளைக்கு வர்றவங்ககிட்ட என் பேரச் சொல்லு. நானே பதில் சொல்றேன்."

அழைப்பைத் துண்டித்தாள். சர்வர்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். குரல்களை அழித்தாள். பச்சைப் புள்ளிகள் எல்லாம் சிவப்பாயின. நாகம்மாவின் வீட்டுக்குள் பேச்சு நின்றது. ஏரிப் பக்கம் ஒரு தவளை கத்தியது. இத்தனை வருட உழைப்பைத் தன் கையாலேயே கொன்றிருக்கிறாள். ஆனாலும் முதுகு நிமிர்ந்தது.

அப்போது லோகநாயகி வீட்டுக்குள் போன் அடித்தது.

"தீபிகாதான்," என்று முகம் மலர எழுந்தாள் லோகநாயகி. "சிங்கப்பூர்ல கீறா எம் பொண்ணு. நாகம்மாக்கா சொல்லித்தான் நாங்களும் இதுல சேந்தோம். இந்தத் தெருவே சேந்துகீது."

"எடுக்காதீங்கம்மா. நான் நிறுத்திட்டேன். அது உங்க பொண்ணு இல்ல."

"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று சிரித்தபடியே அவள் உள்ளே போனாள். படியில் சாய்ந்திருந்த நாகம்மாவைத் தாண்டி மஹீரா ஏறுவதற்குள் தாழ் விழுந்தது.

எதிர் வீட்டில் போன் அடித்தது. தாழ் விழுந்தது. அதற்கு அடுத்த வீட்டில். அதற்கும் அடுத்ததில். தெரு முனை வரைக்கும். ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. விளக்குகள் அணைந்தன.

"லோகநாயகிம்மா, திறங்க." உள்ளங்கை எரியும் வரை கதவைத் தட்டினாள். உள்ளே ஒரு பெண் குரல் கொஞ்சலாகப் பேசிக்கொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் துணி நெளிந்து நெளிந்து ஏறியது.

தெருவோரம் கிடந்த கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே கண்ணாடியில் ஓங்கி இடித்தாள். கண்ணாடி உடைந்தது. சில்லுகள் வெளியே தெறிக்கவில்லை. எல்லாம், யாரோ மூச்சு இழுத்த மாதிரி, உள்ளே போயின.

அவள் துப்பட்டா தோளிலிருந்து தானாக எழுந்தது. ஓட்டை வழியே இருட்டுக்குள் நீண்டு விறைத்து நின்றது. தெருவில் ஒரு இலைகூட அசையவில்லை.

அவள் பின்வாங்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். மறுகையில் துப்பட்டாவைச் சுற்றி இழுத்தாள். "விட மாட்டேன்," என்றாள், யாரிடம் என்று தெரியாமலே. உள்ளே கொஞ்சல் பேச்சு நின்றது.

துப்பட்டா அவள் கையை அறுத்துக்கொண்டு, நிதானமாக, இன்னும் ஒரு முழம் உள்ளே போனது.