உறைக்குள் உறங்கியவை

அந்தப் பாறைக் கிடங்குக்கு வேலைக்கு வந்த அன்றே அவளுக்கு அதன் அமைதி பிடித்துப்போயிற்று. ஊருக்கு வெளியே ஒரு பழைய கட்டடம். கடலுக்கும் அதற்கும் வெகு தூரம். தரைக்குக் கீழே இருந்த நீண்ட அறையில் நுண்ணோக்கிக்கு ஒரு மேஜை கொடுத்தார்கள். அடுத்த அறையில் அவள் கணவன். ஆழத்திலிருந்து துளைத்தெடுத்த கல்லை அமிலத்தில் கரைத்து, கரையாமல் மிஞ்சும் தூளைச் சலித்து, கண்ணாடிச் சில்லில் பிசினால் ஒட்டி மூடித் தருவது அவன் வேலை. சில்லில் இருப்பது எந்த இனம் என்று பார்த்து எழுதுவது அவள் வேலை.

“நான் சலிக்கிறவன், நீ சலிச்சுக்கிறவ. பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வச்சிருக்காங்க” என்பான் அவன்.

அவள் பார்ப்பது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒற்றைச் செல் உயிர்களின் உறைகளை. கடலில் மிதந்து திரிந்து, அலை அசைத்தால் இரவில் நீலமாக மினுங்கும் அந்த உயிர், காலம் சரியில்லை என்றால் கெட்டியான உறை ஒன்றைக் கட்டிக்கொண்டு அடிமண்ணில் போய் உறங்கும். நல்ல காலம் வந்ததும் உறையில் ஒரு மூடி பெயரும். அந்த வழியாக உயிர் வெளியேறிவிடும். வெற்று உறை மண்ணோடு மண்ணாகிப் புதைபடிவமாகும். மூடி எந்த இடத்தில் பெயர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அது என்ன வகை என்று சொல்ல முடியும்.

ஆழத்துக் கல் ஒன்றிலிருந்து வந்த சில்லில், இதுவரை யாரும் விவரிக்காத ஓர் உறையை அவள் கண்டாள். உருண்டை உடல். சுற்றிலும் முட்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் விரல்களைப் போலப் பிரிந்திருந்தது. சில்லு முழுக்க அவைதான்.

ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

உள்ளே கறுப்பாக ஏதோ சுருண்டிருந்தது.

“என்னங்க, மூடி திறக்காம நான் எப்படிப் பேரு வைக்கிறது? ஒண்ணாவது திறந்திருக்கக் கூடாதா?”

அவன் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, சில்லின் மேல் நகத்தால் மெல்லத் தட்டினான். “வீட்டுல யாருங்க?” என்றான். இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை ஓர் உறை திறந்திருந்தது. மூடி பக்கத்திலேயே கிடந்தது. உள்ளே இருந்த கறுப்பைக் காணவில்லை.

முன்பு சரியாகப் பார்க்கவில்லை போலும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவசரமாகப் படம் வரைந்தாள், அளவெடுத்தாள். புதிய இனம் ஒன்றை விவரிக்கப் போகும் சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கணவன் உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தான்.

“உதடு மரத்த மாதிரி இருக்கு. எறும்பு ஊர்றாப்ல.”

அமிலம்தான் பட்டிருக்கும் என்று பதறி மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தோலில் புண் இல்லை, நெஞ்சுப்படம் சுத்தம். “அமிலம் இல்லம்மா. பயப்படாதீங்க” என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் சில்லில் பாதி உறைகள் திறந்திருந்தன. அவன் விரல்களும் மரத்துப்போயிருந்தன. கீழறையில் ஒரு வாடை. அலை உள்வாங்கிப் போன பிறகு கரையில் எஞ்சும் பாசியின் வாடை.

அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

பிசினுக்குள் காற்றுகூட அசைய வழியில்லை. கொதிக்கும் அமிலத்தில் கிடந்து வந்த ஓடுகள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூடி நகர்ந்தது.

அடுத்த அறையில் கண்ணாடிக் குவளை விழுந்து உடையும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால்கள் அவன் சொன்னபடி கேட்கவில்லை.

“யார்கிட்டயும் சொல்லாத, சிரிப்பாங்க” என்று கிசுகிசுத்தான். “எனக்குள்ள ஏதோ புரண்டு படுக்குது.”

“என்ன சொல்றீங்க?”

“தூங்கி எந்திரிக்கிற மாதிரி. ஒண்ணு ரெண்டு இல்ல. நெறைய.”

அன்றே அவனை மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். அவள் நேராகக் கிடங்குக்குத் திரும்பி, மிச்சமிருந்த கல்லையும் தூளையும் சில்லுகளையும் வாரிக்கொண்டு பின்கட்டில் இருந்த உலைக்குப் போனாள். கிடங்கின் தலைவர் வழியை மறித்தார்.

“என்ன பண்றீங்க? புது இனத்தோட மூல மாதிரி அது. போச்சுன்னா திரும்ப வராது.”

“வரக் கூடாதுன்னுதான் சார்.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். கண்ணாடி உருகிக் கூழானது. கடைசித் துளிவரை அவள் நின்று பார்த்தாள். இத்தனை நாளில் முதன்முறையாக மூச்சு சீராக வந்தது. முடிந்தது என்று நினைத்தாள்.

மருத்துவமனைக்கு ஓடினாள். அவன் நெஞ்சில் கருவி பொருத்தியிருந்தார்கள். பேச்சு போய்விட்டிருந்தது. கண்கள் மட்டும் அவளைத் தேடி வந்து நின்றன.

“எரிச்சிட்டேங்க. ஒண்ணும் மிச்சமில்ல” என்று அவன் காதருகே சொன்னாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, இல்லை என்பதுபோல் விழிகளை இடமும் வலமும் ஆட்டினான்.

அவன் மார்பில் காதை வைத்தாள். இதயத் துடிப்புக்கு அடியில், எங்கோ ஆழத்தில், சின்னச் சின்னதாகச் சொடுக்குகள். மூடிகள் பெயரும் சத்தம். ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல்.

“டாக்டர்… கேக்குதா?”

மருத்துவர் குழலை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். குழலைக் கழற்றிவிட்டு, கட்டிலை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

நடுப்பகலில் அவன் போய்விட்டான்.

கருவியை நிறுத்தினார்கள். செவிலி வந்து சன்னலின் கனத்த திரையை இழுத்து மூடினாள். “கொஞ்ச நேரம் கூட இருங்கக்கா” என்று தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். அறை இருண்டது. அவன் கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. அழுதிருக்கிறார், என்னைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் அழுதிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, அதை விரலால் துடைத்தாள்.

ஈரம் பட்ட விரல் நுனி நீலமாக ஒளிர்ந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒளி மங்கியது. விரலை அசைத்தாள். மறுபடி ஒளிர்ந்தது.

அறை மூலையில் இருந்த தொட்டிக்கு ஓடி, குழாயை முழுக்கத் திறந்து, விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் சுழன்றது. அதோடு சேர்ந்து அந்த நீலமும், ஒரு பொட்டாக இருந்தது பலவாகப் பிரிந்து, சுழன்று சுழன்று, ஊரின் சாக்கடைகளை நோக்கி இறங்கிப் போனது.