அப்பா வைக்காத முற்றுப்புள்ளி

அப்பா முற்றுப்புள்ளி வைப்பதே இல்லை. அதனால்தான் அந்த வரியைப் பார்த்ததும் மகளுக்கு என்னவோபோல் இருந்தது.

'எனக்குத் தண்ணீர் வேண்டும்.'

அவள் மெய்ப்புத் திருத்துபவள். அடுத்தவர் பிழையில்தான் அவள் பிழைப்பு. இந்த வரியில் பிழையே இல்லை. ஒற்று விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. கடைசியில் கச்சிதமாக ஒரு புள்ளி.

அப்பா பஸ் ஓட்டியவர். ஹாரன் கெட்டாலும் இவர் தொண்டை போதும் என்று டிப்போவில் கிண்டல் செய்வார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் போயே போய்விட்டது. மாடியில் படுத்திருப்பவர் கீழே வேலை செய்யும் மகளிடம் ஏதாவது கேட்க வேண்டுமே என்று அவள் செயலி செயலியாகத் தேடி அலுத்துப்போனாள். எல்லாமே கணக்குத் தொடங்கு என்றன. அவருடைய புலம்பலையெல்லாம் எங்கோ யாருடைய கணினியிலோ கொண்டுபோய்ச் சேர்த்தன. கடைசியில் கிடைத்தது இது. யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாகப் போட்டிருந்த சின்ன நிரல். பழைய லேப்டாப்பில் ஏற்றிவிட்டால் பிரவுசரில் ஒரு வெள்ளைப் பக்கம் திறக்கும். வெறும் எழுத்து, வேறொன்றுமில்லை. மாடியில் அப்பா டேப்லெட்டில் ஒற்றை விரலால் தட்டுவது எழுத்தெழுத்தாக அவள் திரையில் வரும். 'டீ'. 'ஃபேன நிறுத்து'. 'சும்மாதான் கூப்ட்டேன்'.

'என்னப்பா, இலக்கணமெல்லாம் பலமா இருக்கு?' என்று தட்டினாள்.

மழை பிடித்து, சாயங்காலத்துக்கு முன்பே அறை இருட்டிக்கொண்டு வந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாசனை சுவரிலிருந்து கிளம்பி மூக்கில் ஏற, மாடிப்படியின் வளைவுக்கு மேலே எதுவும் தெரியாமல் போக, தலைக்கு மேல் கட்டிலின் இரும்புச் சட்டம் இரண்டு பேர் பாரம் ஏறியதுபோல் நீளமாகக் கிறீச்சிட்டது.

திரையில் எழுத்துகள் தடுமாறி வந்தன.

'தண்ணி நான் கேக்கல'

புள்ளி இல்லை. அப்பாதான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. நிதானமாக. அதே இடத்தில் வேறொன்று வந்தது.

'தண்ணீர் கொண்டு வா. தனியாக வா.'

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். வெளியூரில் இருந்தாலும் இதை நிறுவ உதவியவன் அவன்தான்.

"அண்ணா, இந்தப் பக்கத்துக்குள்ள வெளியாள் யாராவது வர முடியுமா?"

"எப்படிம்மா வருவாங்க? நம்ம வீட்டு வைஃபைல இருக்கிறவங்க மட்டும்தான். அதுக்காகத்தானே இதத் தேடிப் பிடிச்சே?"

"வீட்ல நானும் அப்பாவும்தான் இருக்கோம்."

"அப்போ அப்பாவாத்தான் இருக்கும். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அதற்குள் திரையில் எழுத்துகள் அவசரமாகக் கொட்டின.

'வராத கண்ணு மேல வரா'

யாரோ கையைத் தட்டிவிட்டதுபோல் பாதியில் நின்றது. பிறகு அழிந்தது.

வாசல் கதவு நாலடி தூரத்தில் இருந்தது. ஓடிவிடலாம். ஆனால் மாடியில் இருப்பவரால் கத்தக்கூட முடியாதே. அந்த நினைப்புதான் அவளைப் படியேற வைத்தது. கையில் போன். கைப்பிடிச் சுவர் சில்லென்றிருந்தது. மேலே ஏற ஏற மழைச் சத்தம் குறைந்தது. வாசனை மாறியது. ஈர மண். பழைய துணி.

அறைக் கதவு திறந்திருந்தது.

அப்பா மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கைகளும் போர்வைக்கு வெளியே. வெறுங்கைகள். கண் மட்டும் அவளையே பார்த்தது.

அவருக்குப் பக்கத்தில் போர்வை மேடாக எழும்பியிருந்தது.

உள்ளே டேப்லெட்டின் வெளிச்சம். துணியின் மேல் விரல்களின் நிழல். நீளமான விரல்கள். தட்டிக்கொண்டிருந்தன.

அப்பாவின் உதடுகள் அசைந்தன. சத்தமில்லை.

ஓடு.

விரல்கள் நின்றன. போர்வைக்குள் இருந்த வெளிச்சம் மெல்ல, மிக மெல்ல, அவள் பக்கம் திரும்பியது.