இரண்டு விரல் கோணல்

கரோல் பாக் ஒர்க்‌ஷாப்பில் டெலிபோன் அலறியது.

ஜனவரி 1984. காலை ஒன்பது மணி. டெல்லி சூரியன் இன்னும் ட்யூட்டிக்கு வரவில்லை.

மெக்கானிக் கலியமூர்த்தி டீ கிளாஸைக் கீழே வைக்க மனசில்லாமல் இடது கையால் ரிசீவரை எடுத்தான்.

"மோதி பாக்ல வேதாந்தம் வீட்டுக் காருக்குப் போன வாரம் கூரை ரிப்பேர் பண்ணது நீதானே?"

"நான்தான் சார். ஏன்... ஒழுகுதா?"

"ஒழுகுது. ரத்தம். கூரை இறங்கி அவர் மண்டை உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கார். நான் இன்ஸ்பெக்டர் பாலசுப்ரமணியம். பத்து மணிக்குள்ள வந்து சேரு. வீட்ல சொல்லிட்டு வா... ராத்திரி சாப்பாடு எங்களோடதான்."

கலியமூர்த்தி டீயை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை உதைத்தான்.

மோதி பாக் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் நின்றது கார். எம்பசி ஏலத்தில் வேதாந்தம் ஆசைப்பட்டு எடுத்த ஐம்பத்தாறாம் வருஷத்து அமெரிக்க வண்டி. பட்டனைத் தட்டினால் துணிக்கூரை தானே மடங்கும், தானே மூடும்.

இப்போது பாதி மூடிக் கிடந்தது. இடப்பக்கம் இரண்டு விரல் தூக்கலாக.

அருகே இன்ஸ்பெக்டர். குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மஃப்ளர், அதற்கு மேல் கோட். மெட்ராஸிலிருந்து டெபுடேஷனில் வந்து ஒரு மாதம்தான். வெடித்த உதடுகள் எண்ணெயில் பளபளத்தன. பக்கத்தில் ஒற்றை ஸ்வெட்டரோடு ஹெட் கான்ஸ்டபிள் ஹுக்கம் சிங் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

வேதாந்தத்தின் மகள் வைதேஹிக்கு அழுது முகம் வீங்கியிருந்தது.

"நேத்து சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தேன். அப்பா ஸ்டியரிங்ல சாஞ்சிருந்தார். தலை மேல கூரையோட இரும்புச் சட்டம். இன்னும் நினைவு திரும்பலை."

"கேட்டியா? கோணலா மாட்டியிருக்கே. கையெழுத்துப் போடு, ஸ்டேஷனுக்குப் போகலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் விட்டப்போ நேரா இருந்துது சார். அரை மணி குடுங்க. ஏன் கோணிச்சுன்னு பாத்துடறேன். என் தப்புன்னா நானே ஜீப்ல ஏறிக்கறேன்."

"அதெல்லாம் வேணாம்..."

"பார்க்கட்டுமே" என்றாள் வைதேஹி. "எங்க கார்தானே."

இன்ஸ்பெக்டர் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கலியமூர்த்தி பட்டனைத் தட்டினான். மோட்டார் முனகியது. வலப்பக்கம் ஒரு அங்குலம் நகர்ந்தது. இடப்பக்கம் அசையவே இல்லை.

பின்சீட்டைக் கழற்றினான். மோட்டார், எண்ணெய் டப்பா, இரண்டு பக்கமும் ஓடும் குழாய்கள். இடப்பக்கக் குழாயின் நட்டு கை தொட்டதும் சுழன்றது. யாரோ தளர்த்தியிருக்கிறார்கள்.

டப்பா மூடியைத் திறந்தான்.

உள்ளே... வெள்ளை வெளேரென்று, கட்டியாக, மெழுகு மாதிரி...

விரலால் சுரண்டினான். முகர்ந்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் ஊத்தினது சிவப்பு எண்ணெய். இது தேங்காய் எண்ணெய் சார்."

ஹுக்கம் சிங் கடலை உரிப்பதை நிறுத்தினார். "க்யா?"

"நாரியல் தேல், ஹவல்தார் சாப்" என்றவன், மற்றதையும் இந்தியிலேயே சொன்னான். நட்டைத் தளர்த்தியவன் அவசரத்தில் சிவப்பு எண்ணெயைக் கொட்டிவிட்டான். எண்ணெய் இல்லாமல் கூரை இறங்காது. இறங்கினால்தான் விபத்து மாதிரி இருக்கும். அதனால் கையில் கிடைத்ததை ஊற்றினான். அது இடப்பக்கக் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ள, கூரை கோணிக்கொண்டது.

"ராத்திரிக்குள்ள எல்லாம் ஒழுகிடும், மெக்கானிக் ஒழுங்கா முடுக்கலைன்னு கேஸ் முடியும்னு நினைச்சிருக்கான்."

இன்ஸ்பெக்டர் சட்டென்று வைதேஹியின் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்ல தேங்காய் எண்ணெய் யார் வாங்கறது?"

"நான்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட்ல. ஏன், என்னையா சந்தேகப்படறேள்?"

"உங்க ஷெட், உங்க எண்ணெய்..."

"நான் இந்த ஊர்ல பொறந்தவ சார். பனிக்காலத்துல எண்ணெய் உறைஞ்சுடும்னு தினம் பாட்டிலை வெயில்ல வெக்கறவ. அது ஒழுகிப் போயிடும்னு நான் நம்புவேனா?"

"அதான் மேடம் விஷயம்" என்றான் கலியமூர்த்தி. "டெல்லிக் குளிரை அறியாத ஆளு. ஊருக்குப் புதுசு." ஹவல்தாருக்காக அதை இந்தியிலும் சொன்னான்.

மூன்று பேருடைய பார்வையும் குரங்குக் குல்லாவில் போய் நின்றது.

வைதேஹி இன்ஸ்பெக்டரின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நேத்து நான் லஞ்சுக்கு வந்தப்போ நீங்க அப்பாவோட பேசிண்டிருந்தேள். உதடு வெடிச்சிருக்குன்னு எண்ணெய் கேட்டேள். வெயில்ல இருந்த முழு பாட்டிலையும் குடுத்துட்டு நான் ஆபீஸ் போயிட்டேன். காலையில பாத்தா பாட்டில் காலி."

"உதட்டுக்குப் பூசினேன்மா..."

"ஒரு பாட்டில் பூசற அளவுக்கா சார் உதடு?" என்றான் கலியமூர்த்தி.

"ஸ்டேஷன்ல பிடிச்சு வெச்ச கார்கள் காணாமப் போறதைப் பத்தி அப்பா ஒரு புகார் எழுதிண்டிருந்தார். யார் மேலன்னு கேட்டா சொல்லலை..."

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புக்குப் போவதற்குள் ஹுக்கம் சிங்கின் கை அங்கே போய்விட்டிருந்தது. துப்பாக்கி அவரிடம். கடலைத் தோல் தரையில்.

வீட்டுக்குள் போன் அடித்தது. வைதேஹி ஓடினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து. இன்ஸ்பெக்டரின் மேலதிகாரி ஏ.சி.பி.யே பேசினார்.

திரும்பி வந்தவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்பா கண்ணு முழிச்சுட்டார். அடிச்சது இவர்தானாம், ஜாக்கி கம்பியால. ஹவல்தார் சாப், இவரைப் பிடிச்சு வெக்கச் சொல்றார் ஏ.சி.பி.... அப்பா இன்னொண்ணும் கேட்டாராம். கூரை நேராயிடுத்தான்னு."

கலியமூர்த்தி பாதியில் விட்ட வேலைக்குத் திரும்பினான்.

கெட்டில் கெட்டிலாக வெந்நீர் ஊற்றி எண்ணெயை உருக்கி எடுத்தான். நட்டை முடுக்கினான். சிவப்பு எண்ணெய் நிரப்பி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினான். பட்டன்.

கூரை இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்கி, 'க்ளக்' என்று கண்ணாடிச் சட்டத்தில் உட்கார்ந்தது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. விலங்கோடு ஏறிய பாலசுப்ரமணியம் பல் கிட்டித்துக்கொண்டே முனகினார்.

"மெட்ராஸா இருந்தா மாட்டியிருக்க மாட்டேன்..."

கலியமூர்த்தி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"டெல்லியே போதும் சார். மே மாசத்துல பண்ணியிருக்கணும்."