ஆர்லோ வைத்த கொடி

இந்தக் காலத்து ஆட்களுக்கு அடுத்தவன் வைத்த பொருளை வைத்த இடத்தில் விட்டுவைக்கத் தெரியவில்லை. கேட்டைத் திறந்தால் சாத்துவதில்லை. 'தொடாதே' என்று எழுதியிருந்தால் முதலில் அதைத்தான் தொடுகிறார்கள். ரயில் யார்டில் இப்படி நடந்துகொண்டால் உயிர் போகும். போயிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த பழைய யார்டுக்குப் போனதே சண்டை போடத்தான். எங்கள் ஊர் கெஸ்லர் ஜங்ஷனுக்கு நூற்றைம்பது வயதாகிறதாம். யார்டு ஓரத்தில் துருப்பிடித்து நிற்கும், சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு உட்காரும் சிவப்புப் பெட்டியைப் பூங்காவுக்கு இழுத்துப்போய், ரயில் வேலையில் செத்தவர்கள் பேரைப் பித்தளைப் பலகையில் வெட்டி அதில் அடிக்கப் போகிறார்கள். சனிக்கிழமை விழா. பலகையில் ஆர்லோ ஸ்டென்பர்க் பேருக்குக் கீழே ஒரு வரி: 'எச்சரிக்கைக் கொடி வைக்காமல் வண்டிக்கு அடியில் போனதால் இறந்தார்.' அவன் மகள் ஒமாஹாவிலிருந்து அதைப் பார்க்க வருகிறாள். அப்பன் சாகும்போது அவளுக்கு மூன்று வயது.

கொடி என்று பேர்தான். கம்பியில் பொருத்திய நீலத் தகரம். வண்டிக்கு அடியில் வேலை செய்கிறவன் அதைத் தண்டவாளத்தில் திருகிவிட்டுத்தான் உள்ளே புகுவான். பின்பக்கம் சாக்பீஸால் தன் பேரை எழுதுவான். அது நிற்கும்வரை வண்டியை யாரும் அசைக்கக் கூடாது. வைத்தவன்தான் எடுக்க வேண்டும். எந்தப் பெரிய அதிகாரியும் தொடக் கூடாது.

விழாக் குழுத் தலைவி டார்லீன் அங்கே நின்றிருந்தாள். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அதட்டிய குரல் இன்னும் போகவில்லை.

"வந்துட்டீங்களா வெர்லின்? இதோட நாலாவது தடவை."

"அந்த வரிய எடு."

"கம்பெனி விசாரணையில அப்படித்தான் இருக்கு. நானா கனவு கண்டு எழுதுனேன்?"

அதற்குள் இழுவை லாரிக்காரன் போம் கத்தினான். "ஏன் பெருசு, இதை நீதானே மாட்டுன?"

பெட்டியின் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் நீலக்கொடி நின்றது. புதுப் பெயின்ட்.

"நான் இப்பத்தான் வர்றேன். தொடாதே, யாராவது அடியில இருப்பான்."

"அடியில எலிதான் இருக்கும்." திருகைத் தளர்த்திப் பிடுங்கிப் புதருக்குள் வீசினான். இரும்புக் கயிற்றைப் பெட்டியில் மாட்டினான்.

டிங். டிங். டிங்.

சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சத்தம். விரிசல் விழுந்த சக்கரம் மொத்தென்று கேட்கும். நல்ல சக்கரம் மணி மாதிரி பாடும். இது பாடியது.

போம் குப்புறப் படுத்து அடியில் பார்த்தான். எழுந்தபோது சிரிப்பைக் காணோம். "யாருமில்லைங்க."

காற்று அடித்துக்கொண்டிருந்தது, மார்ச் மாதக் குளிர் காற்று. ஆனாலும் சக்கரத்தின் அச்சுப் பெட்டியில் திணிக்கிற எண்ணெய்ப் பஞ்சின் வாடை அசையாமல் நின்றது. அந்தப் பஞ்சை இங்கே யாரும் தொட்டு நாற்பது வருஷமாகிறது.

போம் லாரியில் ஏறி இழுத்தான். கயிறு முறுக்கேறிக் கிறீச்சிட்டது. பெட்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. தட்டும் சத்தமும் நிற்கவில்லை.

போம் இறங்கி வந்தான். மூன்று பேரும் சக்கரத்துப் பக்கம் போய்ப் பார்த்தோம்.

கொடி தண்டவாளத்தில் நின்றது.

போம் அதை வீசிய புதர் இருபது அடி தள்ளி இருந்தது.

"வெர்லின், இது என்ன விளையாட்டு?" டார்லீன் குரல் இறங்கிவிட்டது.

"என் முட்டிக்கு நான் குனிஞ்சு மூணு வருஷமாச்சு. அவன்கிட்ட கேளு."

"என்னை ஏன் பெருசு இழுக்குற? நான் லாரிக்குள்ள இருந்தேன்."

நான் கொடியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சாக்பீஸ் எழுத்து. ஆர்லோ. இடது கைக்காரன், எழுத்தெல்லாம் பின்னால் சாய்ந்து விழும்.

எவனாவது பழைய போட்டோவில் அவன் எழுத்தைப் பார்த்து எழுதியிருப்பான். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாய் வேறு சொன்னது.

"டார்லீன், அன்னிக்கும் கொடி இருந்துச்சு. ஆர்லோ வச்சான். சோளம் ஏத்துன சரக்கு வண்டி லேட்டாகுதுன்னு போர்மேன் பிடுங்குனான். நான் பத்தடி தள்ளி நின்னு பார்த்தேன். எஞ்சின் வந்து இடிச்சுது."

"விசாரணைத் தாள்ல உங்க கையெழுத்தே இருக்கே. கொடியைப் பார்க்கலைன்னு."

"போட்டேன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். நீட்டுன இடத்துல போட்டேன்."

"அறுபது வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப வந்து சொன்னா? பலகை வெட்டியாச்சு. எழுத்துல ஆதாரம் வேணும்."

இதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொன்னபோது ஒரு நிமிஷத்தில் நம்பினார்கள். உண்மைக்கு ஆதாரம் வேண்டுமாம்.

அவள் பையிலிருந்த தாளைப் பிடுங்கி, லாரியின் முகப்பில் வைத்து, தெரிந்த மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை நாலாக மடித்துப் பையில் போட்டாள்.

"கமிட்டியில பேசிப் பார்க்கலாம்."

பார்க்கலாம். அந்த வார்த்தையை நான் போர்மேன்களிடம் நிறையக் கேட்டிருக்கிறேன்.

பெட்டிப் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னேன். "சொல்லிட்டேன்டா. இதுக்கு மேல என்னால ஆகாது."

தட்டும் சத்தம் நின்றது.

போம் பேயறைந்தவன் மாதிரி கையைக் காட்டினான். தண்டவாளத்தில் கொடி இல்லை. புதரிலும் இல்லை. இந்தத் தடவை இழுத்ததும் பெட்டி முனகிக்கொண்டு உருண்டது. டார்லீன் கை தட்டினாள். "பார்த்தீங்களா? துருதான் பிடிச்சிருந்திருக்கு!"

அவளோடு பேசி என்ன ஆகப்போகிறது? என் பிக்கப் வண்டிக்கு நடந்தேன்.

வண்டிக்கு முன்னால் சரளைக் கல்லில் ஊன்றி நின்றது, நீலக்கொடி.

பின்னால் போய்ப் பார்த்தேன். ஆர்லோ. விரலால் தொட்டேன், சாக்பீஸ் தூள் ஒட்டியது.

'பார்க்கலாம்' என்பதை அவனும் நம்பவில்லை போலிருக்கிறது.

பேய் பிசாசு எல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை. போம் குறும்புக்காரன், அவன் அப்பனும் அப்படித்தான். லாரியை விட்டு இறங்காமல் எப்படிச் செய்தான் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு உதை விட்டால் விழுந்துவிடும் அந்தக் கம்பி.

உதைக்கவில்லை. வைத்தவன்தான் எடுக்க வேண்டும்.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தேன். ஒன்றரை மைல், இந்த முட்டியோடு. சனிக்கிழமை பலகையில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு வண்டியைப் பற்றி யோசிக்கலாம்.

முதுகுக்குப் பின்னால், என் வண்டிக்கு அடியிலிருந்து, டிங். டிங். டிங்.

காற்றில் ஏதாவது தகரம் ஆடியிருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.