பதினாலாம் நம்பர், பச்சைக் கதவு

ஹெட்போனில் ஓயாமல் கேட்கும் விண்வெளி இரைச்சலுக்கு நடுவே, யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

சாயங்காலம் நாலு மணி. ஏசி உறுமிக்கொண்டிருந்தது, சூடேறிய ஒயர் வாசனை மூக்கில் ஏறியது, வெளியே வானத்தைப் பார்த்து நிற்கும் ராட்சத டிஷ்ஷின் நிழல் ஜன்னல் வழியே நுழைந்து அவள் மேஜைமேல் மெல்லப் படர்ந்தது. பதினோரு வருடமாக இந்த இரைச்சலைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறாள். அதில் ஒருநாளும் மூச்சு இருந்ததில்லை.

"இத்தனை கோடி நட்சத்திரத்துல நம்மள மாதிரி புத்தியுள்ளவன் ஒருத்தனாவது இருப்பாம்மா," என்றார் பக்கத்து மேஜை இன்ஜினியர். தினசரிப் பல்லவி.

"அப்புறம் ஏன் சார் ஒருத்தனும் வாயத் திறக்கல?"

"அதான் புத்தின்னேன். திறந்தவன் இப்ப இருக்கானோ என்னவோ!"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன், புது டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க ஆளாளுக்கு ஒரு குரல்பதிவு கொடுத்தார்கள். அவள் கொடுத்தது மூன்று வயது மகள் சிட்டுவின் குரல். தொலைந்துபோனால் சொல்லட்டும் என்று அவளே உருப்போட வைத்த வரிகள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எல்லோரும் மெச்சினார்கள். பக்கத்து நட்சத்திரத்துக்கு அனுப்பினார்கள். போக நாலரை வருடம்.

வர நாலரை வருடம்.

"பதினாலாம் நம்பர் வீடு. பச்சைக் கதவு. அம்மா பேரு அம்மா."

ஹெட்போனில் சிட்டுதான். அதே மழலை. இன்ஜினியருக்கும் கேட்க ஸ்பீக்கரைத் திருகினாள்.

"எதிரொலியா சார்?"

"வானத்துல ஏதும்மா சுவரு?"

மறுபடி மூச்சு. பிறகு அவள் சொல்லிக்கொடுக்காத வரி.

"அம்மா வேலைக்குப் போயிட்டா. கதவைத் திற."

இன்ஜினியர் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது நட்சத்திரத்துலேர்ந்து வரலம்மா. கிட்ட. ரொம்பக் கிட்ட."

சத்தம் நின்றது. இரைச்சலும் இல்லை.

அவள் செல்போன் அடித்தது. வீடு. பள்ளிவிட்டு வந்து தனியாக இருக்கும் சிட்டு.

"அம்மா, வாசல்ல ஒரு குட்டிப் பாப்பா. தொலைஞ்சு போச்சாம். ஆனா நம்ம வீட்டு நம்பரத்தான் சொல்லுது."

"திறக்காதடி! சிட்டு, திறக்காத!"

"ஐயோ, பாவம்மா. உள்ள கூட்டிட்டு வந்துட்டேன்."

போன் கீழே விழுந்த சத்தம். ஏதோ இழுபட்டது. "சிட்டு!" என்று இவள் கத்தினாள்.

போனை யாரோ எடுத்தார்கள். மூச்சு இழுத்தார்கள்.

சிட்டுவின் பன்னிரண்டு வயதுக் குரல். ஒவ்வொரு சொல்லாக.

"அம்மா. நீ. இருக்கற இடம். நம்பர் சொல்லு."