கம்பிக்கூடைக்காரன்

அப்பாவின் சாப்பாட்டுக்கடைப் பின்வாசலில் நின்று இராஜகுமாரி எச்சில் வாளியை ஓடைக்குள் கவிழ்த்தாள். கீழே ஒருவன் தொப்பலாக நனைந்து நிமிர்ந்தான்.

"கண்ணு தெரியலயா?" அவனுக்கு முந்தி அவளே கத்தினாள்.

"நல்லாத் தெரியுதுங்க... அதான் திட்ட வாய் வரல."

அவனுக்குத்தான் என்ன கண்கள்! மழைக்கு முந்திய வானமாய் இருண்டு... அவள் அவசரமாக வாளியைப் பார்த்துக்கொண்டாள்.

பெயர் நோபர்ட். பல்லேபொலப் பக்கத்துத் தோட்டத்து ஆள். நாறிக் கிடந்த மாத்தளை டவுன் ஓடையைச் சுத்தமாக்க நகரசபை எடுத்த கூலியாள். கம்பியைக் கூடையாகப் பின்னி, கல் நிரப்பிக் கரையில் அடுக்கி, நடுவே மருதங்கன்று நடுவான்.

"கரை நின்னா மீன் வருங்க."

"இந்தத் தண்ணிக்கா? கொசுகூட யோசிச்சுத்தான் வரும்!"

அதற்குப் பிறகு தினமும் பின்வாசலில் அவளுக்கு ஏதாவது வேலை இருந்தது... எச்சில் வாளி மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒருநாள் ஓடைக்குள் விழுந்த கடையின் கழிவுக் குழாயையும் நோபர்ட் சிமெந்து வைத்து அடைத்தான். அவள் அப்பா அழகர்சாமி கொதித்துப் போனார். மகள் பின்வாசலே கதியாக நிற்பதும் அவர் கண்ணில் பட்டிருந்தது. வருடம் 2008, போர்க்காலம். சந்திக்குச் சந்தி காவலரண். வெளியூர்த் தமிழ்ப் பையன், மூட்டை நிறையக் கம்பி... புலியோ என்று காவலரணில் அவர் போட்டுவைத்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. மத்தியானமே படையினர் அவனை இழுத்துப் போனார்கள்.

உள்ளூர் ஆள் யாராவது பொறுப்பேற்காவிட்டால் விடிந்ததும் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பியதாக யாரும் கேள்விப்படவில்லை. நகரசபை ஆட்கள் பயந்துபோய்த் தலைகாட்டவேயில்லை.

"அப்பா, நீங்க போய்ச் சொல்லுங்கப்பா..."

"சர்ச்சுக்குப் போற எந்தத் தோட்டத்து வேதக்காரனுக்கோ நான் போறதா? வாசலத் தாண்டுனா திரும்பி வராத!"

தாண்டினாள்.

"அவன் உனக்கு யார்?" காவலரண் அதிகாரி சிங்களத்தில் கேட்டார். வெறுமனே தெரிந்தவர் என்றால் விடமாட்டார்கள்...

"நான் கட்டிக்கப் போறவர்," என்றாள், சிங்களத்திலேயே.

அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனை விட்டார்கள். வெளியே மழை. உதடு கிழிந்து, விரல்கள் வீங்கி, அவன் நொண்டிக்கொண்டு வந்தான்.

"உள்ள சொன்னது... என்னைக் காப்பாத்தச் சொன்ன பொய்தானே?"

"பொய்யின்னா சொல்லுங்க... திரும்பப் போய் மாத்திச் சொல்லிட்டு வர்றேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதட்டில் இரத்தம் கசிந்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"எனக்கு அன்னைக்கே புடிச்சிருச்சுங்க... அந்த எச்சித் தண்ணியோட," என்றான். "ஆனா இந்தக் கையால இனிக் கம்பி பின்ன முடியுமோ என்னமோ."

கடையின் பின்பக்கம் வந்தபோது அவள் நின்றுவிட்டாள். அப்பா சிமெந்தை உடைத்துக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். கறுப்புத் தண்ணீர் மருதங்கன்றுகளின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பின்வாசல் சாத்தியிருந்தது.

இராஜகுமாரி செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கினாள்.

"என் கை நல்லாத்தானே இருக்கு? சொல்லுங்க... முதல்ல எந்தக் கல்லு?"